சுவரில் ஒரு அம்மா, வாசலில் ஒரு அம்மா

இந்தி சினிமாவின் துணை நடிகர்கள் சங்கப் பதிவேட்டில் என்னைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது: "பெயர்: குமுத் ரேகே. வயது: இருபத்தைந்து. நிறம்: நல்ல சிவப்பு. வகுப்பு: சூப்பர் டீசன்ட். தெரிந்தவை: நீச்சல், குதிரையேற்றம், மேற்கத்திய நடனம்."

இதில் பெயர் சரி. வயது, நான் சேர்ந்த 1966-இல் உண்மையாக இருந்தது. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை, நானும் செய்யவில்லை. ஜுஹு கடலில் முழங்கால் வரை இறங்கியிருக்கிறேன். விக்டோரியா என்னும் குதிரை வண்டியில் போயிருக்கிறேன், ஆனால் எந்தக் குதிரையையும் நேருக்கு நேர் பார்த்ததாக ஞாபகம் இல்லை. படிவத்தை நிரப்பியவர் ஆட்களைக் கூட்டிப்போகும் சப்ளையர் லத்தீஃப் பாய்.

"பாய், எனக்கு நீச்சல் தெரியாதே!"

"தெரியும்னு போடும்மா. கூப்பிட்டா அப்போ பாத்துக்கலாம். எவனும் கூப்பிட மாட்டான்."

அவர் வாக்கு பலித்தது.

எங்கள் தொழிலில் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தலையை எண்ணுவார்கள். நாற்பது மாஸ், பத்து டீசன்ட், ஆறு சூப்பர் டீசன்ட். மாஸ் தெருவில் ஓடும். டீசன்ட் கோர்ட்டில் உட்காரும். சூப்பர் டீசன்ட், பணக்கார வில்லன் வீட்டு விருந்தில் சொந்தப் பட்டுப்புடவையோடு நிற்கும். கையிலிருக்கும் விஸ்கி, பால் விடாத ஆறிப்போன டீ. தர்க்க சாஸ்திரத்தில் பி.ஏ., கல்லூரி நாடகத்தில் ஒரு வெள்ளிக் கோப்பை, ஆகவே நான் கதாநாயகி ஆவேன் என்று முடிவு கட்டி கிர்காவ் வீட்டிலிருந்து கிளம்பியவள் நான். தர்க்கம் படித்தவர்கள் செய்யும் தவறுகளுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும்.

விருந்துக் காட்சியில் உதடு அசைய வேண்டும், சத்தம் வரக்கூடாது. நான் எதிரே நிற்கும் ஃபிலோமினாவிடம் அரிஸ்டாட்டிலை உதட்டாலேயே விளக்குவேன். பாந்த்ராக்காரியான அவள் பதிலுக்குப் பன்றிக்கறிக் குழம்புக்கு எத்தனை மிளகாய் என்று உதட்டாலேயே சொல்வாள். பதின்மூன்று வருடம் இப்படிப் பேசிக்கொண்டோம். குழம்பு எனக்கு நன்றாக வருகிறது. அரிஸ்டாட்டில் அவளுக்கு வரவில்லை.

வசனம் இருப்பவர்களுக்கு செட்டில் நாற்காலி உண்டு, பெயர் சொல்லியும் கூப்பிடுவார்கள். எனக்கு நாற்காலி வேண்டாம், ஒரே ஒரு வரி போதும் என்று நினைப்பேன். பிறகு ஒரு வரி கொடுத்தால் நாற்காலியும் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்றும் நினைப்பேன்.

1972-இல் ஒரு படத்துக்கு, செத்துப்போன அம்மாவாகச் சுவரில் தொங்க ஒரு புகைப்படம் வேண்டியிருந்தது. பெயர் பெற்ற நடிகைகள் யாரும் உட்காரவில்லை. உயிரோடு இருக்கும்போது படத்துக்கு மாலை போடுவது அபசகுனம். நான் பகுத்தறிவுள்ளவள், உட்கார்ந்தேன். அந்தப் படம் முடிந்ததும் என் புகைப்படம் செட் சாமான் வாடகைக் கடைக்குப் போய், அங்கிருந்து பல படங்களில் தொங்கியது. முன்னால் நின்று அழுதாலும் அழாவிட்டாலும் பொருந்தும் முகம் என்று கடைக்காரர் சிபாரிசு செய்வாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஆயியை மேட்டினி ஷோவுக்குக் கூட்டிப்போனேன். நான் விருந்தில் நிற்பதைக் காட்டத்தான். அதற்கு முன்பே சந்தன மாலையோடு சுவரில் வந்துவிட்டேன். பெற்றவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஆயி, நான் பக்கத்துலதானே இருக்கேன்!"

"நீ சும்மா இரு. அங்க பாரு, எவ்ளோ நல்லவளா இருந்திருக்கா!"

அப்புறம் 1979. டைரக்டர் சோப்டியின் படத்தில் கதாநாயகியின் அம்மாவாக நடிக்க இருந்தவர் குளியலறையில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். மறுநாள் காலை படப்பிடிப்பு. சூப்பர் டீசன்டில் யாருக்காவது வாயும் உண்டா என்று கேட்டு லத்தீஃப் பாய்க்கு ஆள் வந்தது. எனக்கு உண்டு. பதினோரு வரி. என் மகளாக நடிப்பவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள் என்று ஃபிலோமினா விசாரித்துச் சொன்னாள். பதிவேட்டின்படி பார்த்தால் பதினைந்து.

விடிந்ததும் அந்தேரி ஸ்டூடியோவுக்குப் போனேன். நாற்காலி போட்டிருந்தார்கள். "குமுத்ஜி, சாயா?" என்றான் ஒருவன். பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு குமுத் யாரும் இல்லை. அந்த சுகத்தோடு செட்டைச் சுற்றி வந்தபோதுதான் பார்த்தேன். கதாநாயகன் வீட்டுக் கூடம் அதே தளத்தில் அப்படியே நின்றது. சுவரில் சந்தன மாலையோடு நான். அவனுடைய செத்துப்போன அம்மா. அதற்கு முன்னால் நின்று அவன் அழுதுகொண்டே பாடும் பாட்டை மூன்று மாதம் முன்பே எடுத்து முடித்திருந்தார்கள்.

அவனுக்கும் நானே அம்மா, அவளுக்கும் நானே அம்மா. இருவரும் கடைசி ரீலில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்.

சொன்னால் பதினோரு வரியும் போய்விடும். சொல்லாவிட்டால் அது நேர்மையில்லை. இரண்டையும் எடைபோட்டுவிட்டு, என் துண்டை எடுத்துப் படத்தின் மேல் போட்டேன்.

பத்து நிமிடத்தில் லைட்காரன் அதை உருவிக்கொண்டு கத்தினான்: "செட்டுல எவன்டா துண்டு காயப்போட்டது?"

காட்சி ஆரம்பித்தது. கதாநாயகன் பெண் கேட்டு வருகிறான், என் காலைத் தொடுகிறான். குனிந்தவன் நிமிர்ந்தான். என்னைப் பார்த்தான். தூரத்துச் சுவரைப் பார்த்தான்.

"சோப்டி சாப், இந்த அம்மா செத்துட்டாங்களே!"

"எந்த அம்மா?"

"எங்கம்மா. அதோ மாட்டியிருக்கு பாருங்க. நாலு நாள் கிளிசரின் போட்டு அழுதிருக்கேன்!"

சோப்டி அங்கே ஓடினார், இங்கே ஓடினார், என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார். "பாட்டை மறுபடி எடுக்க முடியாது. இவன் கால்ஷீட் இனி அடுத்த வருஷம்தான். அம்மாவை மாத்து! லத்தீஃப், வேற ஆள்!"

லத்தீஃப் பாய் என் காதருகே வந்தார். "வாம்மா. புதன்கிழமை ஒரு பிறந்தநாள் விருந்து இருக்கு. கேக் நிஜ கேக்."

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. எழுந்தால் யாராவது எடுத்துப் போய்விடுவார்கள்.

வசனம் எழுதும் அன்சாரி சாஹிப் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "இதுக்குப் போய் ஏன் கத்துறே? ரெட்டைப் பிறவி! கும்பமேளால பிரிஞ்ச அக்கா தங்கச்சி. முடிஞ்சுபோச்சு" என்றார்.

செட்டே கைதட்டியது. சோப்டி அவரைக் கட்டிக்கொண்டார். கதாநாயகன் மட்டும் விரல்விட்டு எண்ணி யோசித்தான்.

"அப்போ அவ எனக்குச் சித்தி பொண்ணு. தங்கச்சி முறை. நான் தங்கச்சியோட ஆறு டூயட் பாடியிருக்கேன். ரெண்டு மழைல."

கட்டிப்பிடித்த கையை சோப்டி எடுத்துவிட்டார். "யா அல்லாஹ்" என்றார் அன்சாரி. "வேற ஆள்!" என்றார் சோப்டி.

பதின்மூன்று வருடமாக உதட்டை மட்டும் அசைத்துப் பழகியவள் நான். முதல் முறை வாயைத் திறந்தபோது காற்றுத்தான் வந்தது. இரண்டாவது முறை சத்தமும் வந்தது.

"அந்தப் பொண்ண நான் பெக்கல."

எல்லோரும் திரும்பினார்கள். கதாநாயகியின் நிஜ அம்மாவும் திரும்பினார்.

"என்னது?" என்றார் சோப்டி.

"ரெட்டைப் பிறவி இருக்கட்டும். ஆனா இந்தப் பொண்ணு கோயில் படியில கிடைச்சவ. நான் எடுத்து வளத்தேன். ரத்த உறவு இல்ல, அதனால கல்யாணம் நடக்கலாம். இத யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லணும். அம்மாதான் சொல்ல முடியும். அதே மூஞ்சி இருக்கற அம்மா."

சோப்டி அன்சாரியைப் பார்த்தார். அன்சாரி என்னை, தன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டவர்போலப் பார்த்தார்.

"எந்த எழுத்தாளர்கிட்ட வேலை பாத்தீங்க?"

"தர்க்க சாஸ்திரம் படிச்சேன் சாஹிப்."

"அப்போ கதைக்கு ஆபத்து" என்றார். ஆனாலும் காகிதத்தை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்துவிட்டார். என் பதினோரு வரியோடு இன்னும் மூன்று சேர்ந்தன.

முதல் டேக்கில் பழக்கதோஷத்தில் உதட்டை மட்டும் அசைத்தேன். ஒலிப்பதிவாளர் காதிலிருந்த கருவியைக் கழற்றித் தட்டிப் பார்த்தார். இரண்டாவதில் செத்துப்போன அக்காவின் பெயரை மறந்தேன். ஐந்தாவதில் கதாநாயகி நிஜமாகவே அழுதாள், மை கரைந்ததால் அதுவும் வீண். சோப்டி தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

ஒன்பதாவது டேக்கில் பதினான்கு வரியையும் நான் சத்தமாகச் சொல்லி முடித்தேன்.