மதர் மேஜையில் இருந்த பச்சைப் பேனா

இன்று நான் டீச்சராக இருக்கும் பள்ளியில் அட்மிஷனுக்கு வந்த பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டெஸ்ட்.

புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒரு மாம்பழப் படத்தைத் தூக்கிக் காட்டி, "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டார்.

எதிரே இருந்த பெண் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. (வயசாகிவிட்டது என்கிறான் என் மகன். இருக்கலாம்.)

எழுபதுகளின் கடைசியில் இதே மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நானும் அழுதிருக்கிறேன்.

எங்கள் ஊர் வில்லியனூர் பக்கம். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை தமிழ் மீடியம். அதற்குமேல் டவுனில் ஒரு கான்வென்ட். அங்கே டெஸ்டில் தேறினால் ஆறாவது. தேறாவிட்டால் மறுபடியும் நாலாவது.

அப்பா முன்னாடியே சொல்லிவிட்டார்.

"படிச்ச கிளாசயே திரும்பப் படிக்கறதுக்கு டவுனுக்கு அனுப்ப முடியாது. ஆறாவதுன்னா போ. இல்லன்னா அம்மாகூட வயலுக்கு வந்துடு."

அம்மாவுக்கு நான் வயலுக்கு வரக்கூடாது. அவ்வளவுதான் அவர் ஆசை. டெஸ்ட் அன்று தன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு என்னை அழைத்துப் போனார்.

இங்கே என் இங்கிலீஷைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்குக் கோள் சொன்னால் பிடிக்காது. அதனால் ஒரு சட்டம் போட்டார். கோள் சொல்வதானாலும், இல்லை என்று மறுப்பதானாலும் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டும்.

(கோள் குறையும் என்று நினைத்தார், பாவம். எங்கள் இங்கிலீஷ்தான் வளர்ந்தது.)

'ஹி பிஞ்ச்டு மீ சார்.' 'ஷி இஸ் டெல்லிங் லை சார்.' 'ஐ டிட் நாட் டேக் சார்.' மூச்சு விடாமல் வரும். சண்டைக்கு வெளியே ஒரு வார்த்தை வராது.

கான்வென்டில் டெஸ்ட் வைத்தவர் தலைமைக் கன்னியாஸ்திரீ. எல்லோருக்கும் அவர் மதர். அம்மா கதவோரம் நின்றுகொண்டார்.

மதர் மேஜையிலிருந்து ஒரு பச்சைப் பேனாவை எடுத்தார். என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"வாட் இஸ் திஸ்?"

எங்கள் வீட்டில் ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்து "இன்னா இது?" என்று யாராவது கேட்டால், அதற்குப் பெயர் சொல்ல மாட்டோம். உடைந்த சட்டியோ, கிழிந்த பாவாடையோ, கேட்பவருக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். நாம் செய்யவில்லை என்று சொல்லித் தப்பிக்க வேண்டும்.

தப்பிக்கப் பார்த்தேன்.

"ஐ டிட் நாட் டேக், மதர்."

மதர் புருவம் உயர்ந்தது. பேனாவை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். "நோ, நோ. வாட் இஸ் திஸ்?"

நம்பவில்லை என்று புரிந்துகொண்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே முழு வழக்கையும் வாதாடினேன். நான் வரும்போதே பேனா மேஜைமேல் இருந்தது. என் கை என் மடியில் இருந்தது. என் அம்மா கதவுக்கிட்டே நிற்கிறார், அவரும் எடுக்கவில்லை. எல்லாம் இங்கிலீஷில்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் மதர் கையில் பேனா, மகள் கண்ணில் தண்ணீர். அது போதும்.

விறுவிறுவென்று வந்து என் பையை மேஜைமேல் கவிழ்த்துக் கொட்டினார்.

"நல்லா பாத்துக்கோங்க மதர். எம்பொண்ணு அடுத்தவங்க பொருளத் தொடமாட்டா. சீட்டு குடுக்காட்டிப் போங்க, திருட்டுப் பட்டம் குடுக்காதீங்க."

மேஜையில் ஒரு சிலேட்டு, ஒரு ஜெபமாலை, பாதி கடித்த கொய்யாக்காய்.

மதர் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரும் எதையும் எடுக்கலம்மா. இவளுக்கு இங்கிலீஷ் வருதான்னு பாத்தேன். வருது. நல்லாவே வருது. ஆறாவதுலயே போட்டுக்கறேன்."

அந்தப் பச்சைப் பேனாவை என்னிடம் நீட்டினார், பரிசாக.

நான் கையை நீட்டுவதற்குள் அம்மா தடுத்துவிட்டார்.

"வேணாம் மதர். நீங்களே வெச்சிக்கோங்க."

பஸ்ஸில் கேட்டேன், ஏம்மா வேண்டாம் என்றாய் என்று.

"வாங்கிக்கினு வந்தா நாமதான் எடுத்தோம்னு ஆயிடும்டி."

சொல்லிவிட்டு என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஊர் வரும்வரை நான் தலையை எடுக்கவே இல்லை.

இன்று அந்தப் பெண்ணிடம் போனேன். மாம்பழப் படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய், யார் ஊட்டிவிட்டார்கள், தம்பி இருக்கிறானா, என்ன சேட்டை செய்தான் என்று இங்கிலீஷில் கேட்டேன்.

தம்பியைப் பற்றிக் கேட்டதும் ஆரம்பித்தாள் பாருங்கள். தப்பும் தவறுமாக, நிறுத்தவே இல்லை. சேர்த்துக்கொண்டோம்.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"பாசாயிட்டாளா?"

"ஆயிட்டாம்மா."

பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எதுவும் காணாம பூடலியே?"