ஓட்டை இலைக்கு ஒரு பிடி மண்

மலைமேல் இருக்கிற ஆலத்தூர் நாட்டில் கருப்பண்ணனைப் போல மண் பைத்தியம் பிடித்த ஆள் இன்னொருவர் கிடையாது. அங்கே எல்லோருமே மண்ணில் பாடுபடுகிறவர்கள்தான். ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் குனிந்து ஒரு சிட்டிகை மண்ணைக் கசக்கி மோந்து பார்த்து, "மரவள்ளி போட்டே சத்தெல்லாம் உறிஞ்சிட்டீங்க" என்று குறை சொல்லிவிட்டு உள்ளே நுழைகிறவர் இவர் ஒருவர்தான். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கூத்து. பாப்பாத்தி காபி டம்ளரோடு வந்து நின்றபோது மாப்பிள்ளை கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தாராம். "அவருக்கு மண்ணுதான் புடிச்சுது, போனாப் போகுதுன்னு என்னையுங் கட்டிக்கிட்டாரு" என்று பாப்பாத்தி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

அப்படிப்பட்டவர் போன வருசம் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். வண்டியில் படுக்கவைத்து மலைப்பாதையின் அத்தனை வளைவுகளிலும் இறக்குவதற்குள் மனிதருக்கு உயிர் போய் உயிர் வந்தது. சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்த மகள் சங்கீதா அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "போதுங்கப்பா. ரெண்டு பேரும் கீழ வந்து எங்கூட இருங்க." பாப்பாத்திக்கும் அதே எண்ணம். இன்னொரு முறை விழுந்தால் இந்த மனுசனை உயிரோடு கீழே கொண்டுசேர்க்க முடியுமா என்ற பயம் அவருக்கு. கருப்பண்ணன் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. "மண்ண உட்டுப் புடுங்குனா நான் பொழைக்கமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றார்.

இதில் வேடிக்கை, சங்கீதா செய்கிற தொழில். வீட்டுக்குள் வைக்கிற அழகுச் செடிகளை மண்ணிலிருந்து எடுத்து, வேரைச் சுத்தமாகக் கழுவி, களிமண் உருண்டைகளில் நட்டு ஊர் ஊராக அனுப்புகிறாள். வெளித்தொட்டியில் கொஞ்சம் தண்ணீர், உள்தொட்டியில் உருண்டைகள், நடுவே ஒரு பருத்தித் திரி. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல அது தண்ணீரை இழுத்து வேருக்குக் கொடுக்கும். மண் வாடையே கிடையாது. கருப்பண்ணன் பெற்ற பெண்ணுக்கா இப்படி ஒரு பிழைப்பு என்று ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது.

பொங்கலுக்கு வந்தவள் அப்பாவின் பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்தாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வளர்த்த மான்ஸ்டெரா ஒன்று நின்றது. ஊரில் அதற்கு ஓட்டை இலைச் செடி என்று பெயர். அதைக் காட்டி, "மண்ணில்லாம இது பொழச்சுப் புது இலை உட்டா, கீழ வருவீங்களாப்பா?" என்றாள்.

"மண்ணுல இருக்கறப்பவே பூச்சி தின்னாப்பல நிக்குது. அது எங்க பொழைக்கும்? உட்டா வாரேன் கண்ணு, குலசாமி மேல சத்தியமா வாரேன்" என்று அவளுடைய கையில் அடித்தார் கருப்பண்ணன். செத்துவிடும் என்று அவ்வளவு நம்பிக்கை!

அவள் வேரை அலச ஆரம்பித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பச்சப் புள்ளையத் துணியில்லாமத் தெருவுல நிறுத்துறியே சாமி." பிறகு உருண்டைகளைப் பார்த்து, "இதென்ன?" என்றார்.

"களிமண்ணுங்கப்பா. உருட்டிச் சுட்டது."

"அடக் கெரகமே! மண்ணு வேண்டாம்னு கழுவிப்போட்டு மண்ணையே சுட்டு வாங்கியாந்தியா?"

அந்நேரம் பார்த்து வந்த பக்கத்து வீட்டுச் செங்கோடன், ஏதோ சீடை என்று நினைத்து ஒன்றை வாயில் போட்டுக் கடித்தார். பல் ஆடிப்போனது. ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர். "நல்லாத்தானுங்க இருக்குது, வேக்காடுதான் கொஞ்சம் சாஸ்தி" என்று சொல்லிவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு போனார்.

சங்கீதா கீழே இறங்கியதும் கருப்பண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. குலசாமியை வேறிடத்தில் கொண்டுபோய் வைப்பதானாலும் பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் கூடப் போகவேண்டும். இல்லாவிட்டால் சாமி வராது. சாமிக்கே அப்படி என்றால் செடிக்கு? செடி செத்தால்தான் அவருக்கு நல்லது. அதற்காக அனாதையாகவா சாகவேண்டும்? துவைக்கிற கல்லடியில் ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டைகளுக்கு நடுவே திணித்துவிட்டார்.

மண் ஊறிச் சேறாகித் திரியை அடைத்துக்கொண்டது. தண்ணீர் நாறியது. இலைகள் மஞ்சளாகித் தொங்கின. "செயிச்சுட்டீங்க, போங்க" என்று பாப்பாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

செயித்தவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்தவன் வரப்பில் வாடிக் கிடக்கிற நாற்றைக்கூட எடுத்து நட்டுவிட்டு வருகிற மனிதர் அவர். அவர் கையாலேயே ஒரு செடி சாவதா? மகளுக்குப் போன் போட்டார்.

"நம்ம செடி இல்ல கண்ணு, நம்முது சோக்காத்தான் இருக்குது. செங்கோடன் ஊட்டுல ஒண்ணு வெச்சிருக்கான், மஞ்சளாப் போகுதாமா."

"வேருல மண்ணு இருக்குதான்னு பாக்கச் சொல்லுங்கப்பா. மண்ணு பாதி தண்ணி பாதின்னு இருந்தா அழுகிப்போகும். அழுகுனத வெட்டிட்டு, ஒரு துளி மண்ணில்லாமக் கழுவோணும்."

அப்புறம் நடந்ததைப் பாப்பாத்தி சொல்லிக் கேட்கவேண்டும். தன் பல் தேய்க்கிற பிரஷால் ஒவ்வொரு வேராகத் தேய்த்தாராம். வேட்டிக் கரையைக் கிழித்துப் புதுத் திரி போட்டாராம். வெயில் நகர நகரத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வீட்டைச் சுற்றினாராம். மண்ணை மோந்த மூக்கு இப்போது தண்ணீரை மோந்துகொண்டிருந்தது. வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "மண்ணு பாதி தண்ணி பாதின்னா வேரு அழுகிப்போகும், தெரியுமா?" என்று பாடம் எடுத்தார்.

ஒரு காலையில் சுருட்டிய தளிர் ஒன்று மெல்லப் பிரிந்து நின்றது. கருப்பண்ணன் போட்ட கூச்சலில் செங்கோடன் ஓடிவந்துவிட்டார். மகளை வீடியோவில் கூப்பிட்டு, "கண்ணு, இங்க பாரு! இலை! ஓட்டையோடயே பொறந்திருக்குது!" என்று கத்தினார்.

"செங்கோடன் மாமா செடியாங்கப்பா?"

"அவனுக்கு என்னத்தத் தெரியும், சீடைன்னு கடிச்சவன்! இது நம்முது. நாந்தான் காப்பாத்தி..." அப்போதுதான் சத்தியம் ஞாபகம் வந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்துச் செடியின் மேல் போட்டார்.

"துண்டு போட்டாலும் இலை தெரியுதுங்கப்பா. எப்ப வாரீங்க?" என்றாள் சங்கீதா.

குலசாமி சத்தியம். மாசி முடிவதற்குள் மூட்டை கட்டியாகிவிட்டது. பஸ் வருகிற நேரத்தில் கருப்பண்ணன் வாசலில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் துண்டு முனையில் முடிந்தார்.

"ஏனுங்க, அது எதுக்கு? வேரு அழுகிப்போகும்னு ஊருக்கே பாடம் எடுத்தீங்களே" என்றார் தொட்டியைச் சுமந்து நின்ற பாப்பாத்தி.

"அழுகுனா அழுகட்டும், போ." அவர் கண் கலங்கிவிட்டது.

பாப்பாத்தி தொட்டியை இறக்கி வைத்தார். கீழே போகவேண்டும் என்று அத்தனை நாள் ஒற்றைக்காலில் நின்றவர், முந்தானையை விரித்து நீட்டினார்.

"எனக்கும் ஒரு புடி போடுங்க."

கருப்பண்ணன் முந்தானையையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். "உனக்கு இந்த மண்ணு வேண்டாம் புள்ள. கொல்லையில அடிமண்ணு நல்லாருக்கும், இரு." நொண்டிக்கொண்டே பின்பக்கம் ஓடினார். பஸ்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருக்க, கருப்பண்ணன் கொல்லையில் குழி தோண்டிக்கொண்டிருந்தார்.