வழவழத் தாளில் ஒரு சிரிப்பு

குமாரபாளையத்தில் அண்ணன் வீட்டுக்கு நான் பெட்டியோடு வந்து சில வாரங்கள் ஆன பிறகு, அந்தப் புத்தகம் கூரியரில் வந்தது. இரண்டு சூப்பர் ஹீரோக்கள் ஒரே கதையில் மோதிக்கொள்ளும் பழைய வெளிநாட்டுக் காமிக்ஸ், தமிழில். இப்போது வழவழத் தாளில், முழு வண்ணத்தில், செங்கல் கனத்தில் மறுபதிப்பு. அண்ணன் அதைப் பிரித்ததும் முதலில் செய்த காரியம், என் கணவருக்குப் போன் போட்டதுதான்.

"மாப்ள, வந்துருச்சுங்க. ஞாயித்துக்கெழம வாங்க, ஒக்காந்து பாக்கலாம்" என்றான். நான் பக்கத்தில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

நான் எதற்காக வந்தேன் என்பது அவனுக்குத் தெரியும். பரமத்தி வேலூரில் ஒரு புதுமனைப் புகுவிழா. பந்தியில் என் கணவர் ஏதோ பழைய கதையைத் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அப்படி இல்லீங்க" என்று திருத்தினேன். இலையில் பாயசம் இருந்தது. அந்தக் கையாலேயே அறைந்தார். அது முதல் அறை இல்லை, நாலு பேர் பார்த்த முதல் அறை. அவ்வளவுதான் வித்தியாசம். அவர் ஊரான பவானிக்குத் திரும்பிப் போகாமல், விழாவுக்குக் கொண்டுபோன பெட்டியோடு காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறங்கிக்கொண்டேன்.

அண்ணனும் அவரும் எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே சிநேகிதர்கள். அதற்குக் காரணமும் இந்தக் காமிக்ஸ்தான். நிழல்களைப் பிடித்து இழுத்து ஆளைக் கட்டிப்போடும் நாயகன் அண்ணனின் ஆள். தொண்டையைத் திறந்தால் மலை பிளக்கும் இடிக்குரலன் அவருடைய ஆள். இருவரும் சந்திக்கும் கதையை ஒரு பாகம் இந்தப் புத்தகத்தில், அடுத்த பாகம் அந்தப் புத்தகத்தில் என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஒருவன் புத்தகம் மட்டும் வாங்கினால் கதை பாதிதான் கிடைக்கும். அண்ணன் இங்கிருந்து நடப்பான், அவர் பவானியிலிருந்து நடப்பார், காவிரிப் பாலத்தின் நடுவில் நின்று மாற்றிக்கொள்வார்கள். இருவரும் படித்து முடித்த பிறகு, ஓரம் கிழிந்து என் கைக்கு வரும்.

எனக்கு அந்த இரண்டு பேருமே பொருட்டில்லை. கதையில் ஒருத்தி உண்டு. இடிந்து விழும் பாலத்தைத் தோளில் தாங்கி நிறுத்துகிறவள். அவளுக்காகத்தான் படித்தேன். வில்லன் இடிக்குரலனின் புத்தியை மயக்க, அவன் அவளை அடித்து ஆற்றில் வீழ்த்துகிறான். நிழல்காரன் பழிவாங்கக் கிளம்புகிறான். ஊரே நாசமாகும் அளவுக்குச் சண்டை. கடைசியில் மயக்கம் தெளிகிறது, இரண்டு பேரும் கைகுலுக்குகிறார்கள். முடிந்தது கதை.

தமிழில் படித்த வாசகர் கூட்டம் அன்றைக்கே இதில் இரண்டாகப் பிரிந்தது. அண்ணனும் அவரும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. அடி வாங்கியவளுக்காக இல்லை. "எங்காளு அப்படிப் பண்ணுவானா?" என்பதுதான் வழக்கு. கதாசிரியர் இடிக்குரலனை அசிங்கப்படுத்திவிட்டார் என்று அவர், நிழல்காரனை முட்டாளாக்கிவிட்டார் என்று அண்ணன். கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள்.

எனக்கு மட்டும் அந்தக் கதை பிடித்திருந்தது. காரணம், கடைசிப் பக்கம். எங்களுக்கு வந்த புத்தகம் கறுப்பு வெள்ளை, சாணித் தாள். மை ஊறித் திட்டுத் திட்டாக இருக்கும். கைகுலுக்கும் இருவருக்கும் பின்னால், ஆற்றிலிருந்து பிழைத்து வந்த அவள் நிற்பாள். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கரிய திட்டு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்று நான் நினைத்தேன். இவர்கள் சமாதானம் ஆகட்டும், நான் ஆக மாட்டேன் என்று நிற்கிறாள். அந்தத் திட்டு எனக்குக் கோபமாகத் தெரிந்தது. கதாசிரியர் கெட்டிக்காரர் என்று எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன்.

புத்தகம் வந்த மறுநாள் அண்ணன் தறிக்கூடத்துக்குப் போனதும் எடுத்துப் புரட்டினேன். கடைசிப் பக்கம். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் சிவப்புச் சாயம். நெற்றியில் கட்டு. அந்தக் கட்டோடு கைதட்டுகிறாள்.

சீ என்று மூடி வைத்தேன். புழுத்த கத்தரிக்காயை அரிந்தது போல இருந்தது. இத்தனை வருஷம் நான் கொண்டாடியது மட்ட ரக மையை. கதை அன்றைக்கே அழுகித்தான் இருந்திருக்கிறது, நல்ல தாளில் போட்டதும் நாற்றம் தெரிகிறது. காலத்துக்கு நிற்குமா என்று இணையத்தில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நூற்றுக்கணக்கில் கருத்துகள். கோட்டோவியம், வண்ணம், யாருக்குப் பலம் அதிகம். அவள் ஏன் சிரிக்கிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். நாட்டுக்கோழி, பச்சைப்புளி ரசம், எல்லாம் என் கையால்தான். என்னைப் பார்த்து, "நல்லாருக்கறயா?" என்றார், பஸ்ஸில் பார்த்த தூரத்து உறவைக் கேட்பது போல. பிறகு இருவரும் சோபாவில் புத்தகத்தை மடிக்குக் குறுக்கே விரித்துக்கொண்டார்கள். நாற்பத்தைந்து வயதுத் தடியர்கள் இரண்டு பேர்.

"இப்பப் படிச்சாலும் சும்மா கும்முனு இருக்குதுங்க மச்சான்."

"அன்னைக்கு நாமதான் வெவரம் புரியாம சண்ட போட்டமுங்க மாப்ள. உங்காளு மேல தப்பே இல்ல. மயக்கத்துல பண்ணுனது."

"அதத்தானுங்க நானும் சொல்றன்."

எந்த அடியைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரு கணம் எனக்கே சந்தேகமாகிவிட்டது. தண்ணீர்ச் சொம்பை நங்கென்று வைத்தேன். யாரும் நிமிரவில்லை.

அண்ணன் கல்யாணத்தில் எங்கள் வழக்கப்படி இணைச்சீர் செய்தார்கள். ஒரே சேலையால் அண்ணனையும் தங்கையையும் சேர்த்து நிறுத்துவது. மனைவி வந்தாலும் தங்கையைக் கைவிடமாட்டேன் என்று ஊரறியச் சொல்லும் சீர். அதில் நான் அழுதேன், அவனும் அழுதான். மனைவி வந்து அவன் என்னைக் கைவிடவில்லை, பாவம், அவள் தங்கமானவள். ஒரு காமிக்ஸ் வந்தது, கைவிட்டான்.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போட்டதும், "அப்புறம் சாமி, மாப்ள கூடவே கெளம்பிக்க. சொல்லிப்புட்டாரு, இனி கை நீட்ட மாட்டாராமா" என்றான் அண்ணன் என்னைப் பார்த்து.

"எங்கிட்டச் சொல்லலீங்களே."

"போச்சாது, பரவால்ல உடு. எங்களுக்குள்ள எல்லாம் பேசியாச்சு."

என் கணவர் வெற்றிலைச் சாற்றை விழுங்கிக்கொண்டு புத்தகத்தையே பார்த்தார். அண்ணன் தன் மனைவியைக் கூப்பிட்டு, போனைக் கொடுத்து, குடும்பக் குரூப்பில் போட ஒரு படம் எடுக்கச் சொன்னான். இருவரும் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் கைகுலுக்கினார்கள். தங்களுக்குப் பின்னால் எனக்கு இடம் காட்டினார்கள்.

"சித்த சிரி சாமி" என்றான் அண்ணன்.

பின்னால் போய் நின்றேன். அவர்கள் இருவரின் தலைக்கு நடுவில் என் முகம் வரும் இடம் எது என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. சட்டென்று விலகி அடுப்படிக்குப் போய்விட்டேன். நான் போனதை அவர்கள் கவனிக்கவில்லை. அண்ணன் மனைவி கவனித்தாள். நான் இல்லாமலேயே படத்தை எடுத்தாள்.

படம் குரூப்பில் விழுந்தது. கட்டைவிரல்கள், பூங்கொத்துகள், கும்பிடுகள். என் மாமனார் வீட்டில் யாரோ பட்டாசு அனுப்பினார்கள். நான் எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டே பார்த்தேன். அப்போது கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகளிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது.

"அம்மா எங்கே?"

கையைத் துடைத்துக்கொண்டு, எல்லாரும் படிக்கும் அந்தக் குரூப்பிலேயே பதில் போட்டேன்.

"மாமா வீட்டில்தான் இருக்கிறேன் கண்ணு. என்னை யாரும் கேட்கவில்லை. நான் போகவில்லை."

கூடத்தில் இரண்டு போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. பேச்சு நின்றது.