மைதீன் ராவுத்தரும் இரண்டு பியானோ இசைத்தட்டுகளும்

காலையில் ராஜபாளையம் மில் அலுவலகத்தில் வேலையைத் தொடங்குமுன்பே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் ஆள் வந்து நின்றார். "ராவுத்தர் மவுத்தாயிட்டாக. உங்ககிட்டச் சொல்லச் சொல்லி அவுக அக்கா அனுப்புனாக" என்றார். பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. ஈர மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைவீதியில் உள்ளவர்களுக்கு அவர் ஜவுளிக்கடையில் அதிகம் பேசாமல் துணி கிழித்துக் கொடுத்த மனிதர். எனக்குத் தெரிந்த ராவுத்தர் வேறு. அதைச் சொல்ல என்னைத் தவிர ஆளில்லை.

ரங்கூனில் குண்டு விழுந்து, நம் ஜனங்கள் காடும் மலையும் நடந்து ஊர் திரும்பினார்களே, அந்த வருஷக் கடைசியில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் கைலியால் சுற்றிய பொட்டலம்.

"சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவுக நீங்கதானாமே? வீட்டுல கிராமபோன் இருக்குன்னு சொன்னாக. இத ஒரு தடவ கேட்டுக்கிடலாமா சார்?"

உள்ளே இரண்டு இசைத்தட்டுகள். இரண்டும் ஐரோப்பியக் கலைஞர்களின் பியானோ. ரங்கூனில் இசைக்கருவிகள் விற்கும் கடையில் அவர் வேலை பார்த்தவர். "வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டேன். "தூசி தொடைக்கத்தான் தொட்டிருக்கேன்" என்றார்.

அதன்பின் ஞாயிறுதோறும் மத்தியானம் வருவார். முதல் தட்டு ஒரு போலந்துக் கிழவருடையது. ஞானப்பாட்டைத் தாளம் பிசகாமல் வாசித்தே பழகிய எனக்கு அது தள்ளாட்டமாகப் பட்டது. ராவுத்தர் சிரித்தார். "இடது கை வீட்டுல இருக்கு சார். வலது கை வெளிய போயிட்டுப் பைய வருது. வரட்டும், என்ன அவசரம்?"

மற்றது ஒரு ஜெர்மானியர் புயல்போல் வாசித்தது. நடுவே ஓரிடத்தில் விரல் பிசகி, வேறு கட்டையில் விழுந்திருந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். "தப்புத்தான். மனுசன் நின்னாரா பாத்தீகளா? அம்புட்டு வேகத்துல தப்பே வராம வாசிக்கிறவன் பயந்து வாசிக்கிறவன்" என்றார்.

ஒரு மழை நாளில் தட்டு பாதி ஓடும்போதே நிறுத்தச் சொன்னார். பிறகு தன் தம்பி காசிமைப் பற்றிச் சொன்னார். இருவருமாகத்தான் ரங்கூனிலிருந்து கிளம்பியிருக்கிறார்கள். மலைப்பாதையில் இவருக்குக் காய்ச்சல்.

"இந்தப் பொட்டலத்தத் தூக்க ஏலல சார். ‘தூரப் போடுலே'ன்னேன். ‘இது இல்லாம ஊருல போயி என்ன செய்யப் போறீக அண்ணே'ன்னு அவன் தலையில வச்சுக்கிட்டான். அதுக்காக அரிசியில பாதியக் கொட்டிட்டான். பொறவு அவனுக்குக் காலரா கண்டுச்சு. ஒரு ஓடைக்கரையில போட்டுட்டு வந்தேன்."

"தட்டைத் தூரப் போடச் சொன்னது நீங்கதானே" என்றேன்.

"ஒரு தடவதான் சொன்னேன். ரெண்டாந் தடவ சொல்லியிருந்தா போட்டிருப்பான். ஆசை விடல, சொல்லல."

அவருடைய அக்கா பாத்திமா அந்தத் தட்டுகளை வீட்டுக்குள் விடவில்லை. ‘என் தம்பியத் தின்ன தட்டு' என்றாராம். அதனால் அவை என்னிடமே இருந்தன. கடைசி மாதங்களில் ராவுத்தர் நெஞ்சு நோயால் படுத்துவிட்டார். கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். அக்கா காதுல விழக்கூடாது" என்றார். கேட்காமலேயே போய்விட்டார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த பிறகு அந்த அம்மாளே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். "அதப் போடுங்க" என்றார். போலந்துக்காரரின் தட்டை வைத்தேன். முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி அசையாமல் கேட்டார். தட்டு ஓடி முடிந்தது.

"இம்புட்டுத்தானா?"

ஊசியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

"இதுல என்ன இருந்துச்சு சார், என் தம்பிக ரெண்டு பேருக்கும்?" என்று மறுபடி கேட்டார். எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவர் எழுந்தார். "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தட்டுகள் என்னிடம் இருக்கின்றன. தேய்ந்துகொண்டே வருகின்றன; ஒருநாள் இரைச்சல் மட்டும் மிஞ்சும். எனக்கென்று மிஞ்சியிருப்பது ராவுத்தரின் முகம். இனி சந்தோஷப்படத் தனக்கு உரிமையில்லை என்று தீர்மானித்துக்கொண்ட மனிதர் அவர். அந்தச் சில நிமிஷங்கள் மட்டும் அதை மறந்து, வாய் லேசாகத் திறந்திருக்க, சந்தோஷமாக இருந்தார். அவருடைய அக்காவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது அதுதான். சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.