பாஸ் இல்லாமல் போகக்கூடிய சைக்கிள் பாதை

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் அக்கா போன வியாழக்கிழமை தொலைபேசியில் அழாக்குறையாகப் பேசினாள். அவளுடைய தெருவில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை ஒன்றை ஒரு வாரத்துக்குப் பரீட்சார்த்தமாகப் போட்டிருந்தார்கள். வாகனங்கள் உள்ளே வராதபடி ஓரத்தில் சீமெந்துப் பூந்தொட்டிகள். வேலைக்குப் போகும்போது ஒரு வான் முழங்கையை உரசிய நாளிலிருந்து, பொறுப்பானவர்களுக்கு எழுதி எழுதி அதைக் கொண்டுவந்தவள் அவள்தான். இப்போது அவளைத் தவிர ஒருவரும் அதில் ஓடவில்லையாம். ஞாயிறு காலை தெருச்சனத்திடம் கேட்டு, வேண்டாம் என்றால் தொட்டிகளை லொறியில் ஏற்றிவிடுவார்களாம். "நீயாவது வந்து ஓடடா" என்றாள்.

ஞாயிறு ஆறு மணிக்குக் கொட்டாஞ்சேனையில் புறப்பட்டேன். பத்துக் கிலோமீற்றர் சொச்சம். கோட்டை வரை லொறிகளோடு மல்லுக்கட்ட வேண்டும். துறைமுகத்துக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. காலிமுகத்திடலில் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. கொள்ளுப்பிட்டியில் ஓர் ஓட்டோக்காரர் "பரிஸ்ஸமின் அய்யே!" என்று சிங்களத்தில் கவனம் சொல்லிவிட்டு, அவரே என்னை உரசிக்கொண்டு போனார். பம்பலப்பிட்டியில் பால் விடாத ஒரு பிளேன்ரீ. ஏழேகாலுக்கு வெள்ளவத்தை.

தெருவுக்குள் திரும்பினால் பாதை வெறுமையாகக் கிடக்கிறது. சனமோ மறுபக்கத்தில் வாகனங்களுக்கிடையே நெளிந்து நடக்கிறது. அக்காவின் முன்வீட்டுக் கனகு அங்கிள் கேற்றடியில் நின்றார்.

"தம்பி, அதுக்குள்ள விடுவினமோ? ஐசி கொண்டு வந்தனீரோ?"

"சைக்கிள் ஓட அடையாள அட்டை ஏன் அங்கிள்?"

"போர்ட்டைப் பாரும். அக்காவுக்குப் பாஸ் குடுத்திருக்கினமாக்கும். அவ மட்டும்தான் போறா."

பார்த்தேன். மூன்று மொழிகளில் எழுதிய பலகையில் சைக்கிள் என்ற சொல்லே இல்லாமல் தமிழுக்கு வந்திருந்தது இரண்டே சொல்: "பாதுகாப்புப் பாதை". வயிறு நோகச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போர்க்காலச் சோதனைச்சாவடியின் மணல்மூட்டைகளுக்கு முன்னால் ஐசியை நீட்டி நீட்டிப் பழகிய தெரு அது. பாதுகாப்பு என்றால் எங்களிடமிருந்து மற்றவர்களைக் காப்பது என்றே எங்கள் காதுக்குப் பழக்கம். எங்களையே காக்கப் பூந்தொட்டி வைத்தால் யார் நம்புவார்கள்?

அக்காவிடம் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் ஒருநாளும் அதை வாசிக்கேல்லையடா!"

ஒன்பது மணிக்கு லொறியோடு வந்த இளம் இஞ்சினியர் பெண்ணுக்கு அக்கா சிங்களத்தில் விளக்கினாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். உடனே தன் பையிலிருந்த தடித்த பேனையை எடுத்துக் கொடுத்தார். அக்கா வெள்ளைத்தாளில் "சைக்கிள் பாதை. எல்லாரும் வரலாம்" என்று எழுதிப் பலகையின் மேல் ஒட்டினாள்.

பிறகு இஞ்சினியர் கூடியிருந்தவர்களைக் கேட்டார்: தொட்டிகளை எடுப்பதா, விடுவதா? அக்கா என் சைக்கிள் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள். கடைசியில் கனகு அங்கிள் முன்னுக்கு வந்தார்.

"எடுக்காதேங்கோ மிஸ். நாங்கள் இன்னும் ஓடியே பாக்கேல்லை."

சுற்றி நின்றவர்கள் சிரித்துக்கொண்டே "ஓம், ஓம்" என்றார்கள். லொறி வெறுமையாகத் திரும்பியது. அக்கா அழுதாள். நானும்தான்.

போக நினைப்பவர்களுக்கு: ஏழு மணிக்கு முன் கோட்டையைக் கடந்துவிடுங்கள். தண்ணீர் எடுத்துப்போங்கள், காலிமுகத்திடல் காற்று தொண்டையை வறட்டிவிடும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் தெருக்களில் பூந்தொட்டி தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே போனதும் மணி அடித்துக்கொண்டு மெதுவாக ஓடுங்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வந்த பிறகு சைக்கிளைத் தொடாத கனகு அங்கிள் எதிரே வந்துகொண்டிருப்பார். பிரேக் எங்கே என்று இன்னும் தேடுகிறார்.