மடுவில் கிடந்த நீல ட்ரம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பத் தெரியாது. மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள் நான். கூலி பேசுகிறவன் சிரித்தாலே சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பாடம். ஆகவே, கடலுக்கடியில் மீன்களைப் படம் பிடிக்கிற வேலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது அம்மா நம்பாததில் எனக்கு வருத்தமில்லை.

"தண்ணிக்குள்ள பூந்து இன்னாடி படம்? அதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்றாள். தூத்துக்குடியிலிருந்து பவளப்பாறைப் படங்களை அனுப்பிய பிறகும், நான் ஏதோ கடத்தல் கூட்டத்தில் சேர்ந்துவிட்டதாகத்தான் நினைத்தாள். "மடியில கனம் இல்லன்னா வழியில பயம் இல்ல, பாத்து இரு" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிடுவாள்.

உண்மையைச் சொன்னால், நான்கு வருடமாக நான் பிடித்தது கேமராவை அல்ல, காற்று சிலிண்டரை. சிலிண்டரைப் படகில் ஏற்றுவதும் இறக்குவதும், அடுத்தவர் எடுத்ததைக் கரையில் உட்கார்ந்து பார்த்துப் பொறாமைப்படுவதும்தான் என் வேலை. கடலைக் காப்பாற்ற வேண்டுமானால் மலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் இயக்குநரின் கட்சி. மழைநீர் ஓடையாகி, ஆறாகி, கடலில் சேரும் வரை ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"கல்வராயன் மலை உங்க ஊர்ப் பக்கம்தானே? அங்க ஓடையில பாறைக்குறவை இருக்கும். ஆண் மீன் முட்டைய வாயிலயே வச்சுக் காக்கும். குஞ்சு வாயிலேருந்து வெளிய வர்றத எடுத்துட்டு வா. அப்புறம் நீ சிலிண்டர் தூக்க வேண்டாம், கேமரா உனக்கு. ஆனா தொட்டியில போட்டு எடுத்தத எங்கிட்டக் கொண்டு வராத."

மலைமேல் இருக்கிற கரியாலூருக்கு அந்தப் பக்கம், அருவித் தண்ணீர் தேங்குகிற ஒரு மடுவைத் தேர்ந்தெடுத்தேன். கரையில் ஒருவர் மரவள்ளி போட்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் குப்புறப் படுத்தால், எதிர்ப்பாறையில் வந்து உட்கார்ந்துவிடுவார். எழுந்தால் அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் கேட்டார். "எந்த ஸ்டேஷன் பாப்பா நீ?"

"போலீஸ் இல்லண்ணா. மீன் படம் எடுக்கறேன்."

"மீனுக்கு இன்னாத்துக்குப் படம்?"

வனத்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டினேன். அரசு முத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் இறுகிவிட்டது. அவித்த கிழங்கை நீட்டினார். எனக்கும் சந்தேகம்தான். வேண்டாம் என்றேன்.

அடையாளத்துக்கு நான் குச்சியில் கட்டி நட்டிருந்த சிவப்புத் துணிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. இவர்தான் என்று முடிவு கட்டினேன். ஓடையில் மருந்து கலக்கி மீன் பிடிக்கிற ஆள், அதனால்தான் என்னை விரட்டப் பார்க்கிறார் என்று ஒரு கதையும் ஜோடித்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் மீனைக் கண்டேன். மடுவின் ஓரத்தில், மேல்பாதி வெட்டப்பட்ட ஒரு நீல பிளாஸ்டிக் ட்ரம் சாய்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு சாண் நீள ஆண் குறவை. தாடை உப்பி, வாயை இறுக மூடி, இரை பக்கத்தில் போனாலும் அசையாமல் கிடந்தது. தண்ணீருக்குள்ளேயே அழுகை வந்துவிட்டது எனக்கு.

அன்று சாயங்காலம் டீக்கடையில், கேமராத் திரையில் அந்த மீனையும் அது கிடந்த ட்ரம்மையும் எல்லோருக்கும் காட்டினேன். அந்த மனிதரும் இருந்தார். ஒருவரும் பேசவில்லை. அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அட மடச்சி.

காலையில் போய்ப் பார்த்தால் ட்ரம் இல்லை. மீனும் இல்லை.

நேராக அவர் வீட்டுக்கே போனேன். "மீனை இன்னா பண்ண? மருந்து வச்சிட்டியா?" என்று வாசலிலேயே கத்தினேன். மரியாதையெல்லாம் போய்விட்டது. அவர் என்னைப் பின்பக்கம் கூட்டிப் போனார். வேலியோரம் ட்ரம் நிமிர்த்தி வைத்திருந்தது. மேலே தேக்கிலைகள். விலக்கிப் பார்த்தேன். பாதி ட்ரம் ஓடைத் தண்ணீரில் அந்தக் குறவை, மூடிய வாயோடு அப்படியே இருந்தது.

"தண்ணியோட நானும் சம்சாரமும் தூக்கினு வந்தோம். அது பாவம் இன்னா பண்ணிச்சி" என்றார். பிறகு ட்ரம்மின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பெயின்டில் இரண்டு எழுத்துகள், பக்கத்தில் ஒரு வேல்.

கல்யாணத்துக்கு இரவல் போகிற ட்ரம் மாறிவிடக் கூடாது என்று அங்கே ஒவ்வொரு வீட்டுக்காரரும் இப்படி எழுதி வைப்பார்கள். இந்த ட்ரம்மை அவர் தம்பி சாராய ஊறலுக்கு எடுத்துப் போயிருக்கிறான். போலீஸ் ரெய்டில் வெட்டி ஓடையில் உருட்டிவிட்டிருக்கிறார்கள். டீக்கடையில் எல்லோரும் பார்த்தது என் மீனை அல்ல, அந்த எழுத்தைத்தான்.

"தம்பி இப்ப கேரளாவுல மேஸ்திரி வேலைக்குப் பூட்டான். உன் செவப்புத் துணியையும் போலீஸ் அடையாளம்னு நெனச்சி நாந்தான் புடுங்கினேன். பழசக் கிளறாத பாப்பா."

வெட்கமாக இருந்தது. எழுத்து தெரிகிற படங்களையெல்லாம் கேமராவிலிருந்து அவர் கண்ணெதிரே அழித்தேன். மீனை ஓடைக்குக் கொண்டு போகலாம் என்றேன். "ட்ரம் அங்க வராது. மீனை வேணா கையில புடிச்சிக்கினு போ" என்றார். கையில் பிடித்தாலும் பாத்திரத்தில் மொண்டாலும் மிரண்டு முட்டையைத் துப்பிவிடும். இருக்கட்டும் என்று அங்கேயே காத்திருந்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அதன் தாடை துடிக்க ஆரம்பித்தது. நீலம் தெரியாதபடி ட்ரம்முக்குள் சுற்றிலும் கூழாங்கற்களை அடுக்கினேன். சருகு போட்டேன். அவரும் ஓடையிலிருந்து பாசி படிந்த ஒரு பெரிய கல்லைக் கொண்டு வந்து கொடுத்தார். நான் அதைத் திருப்பித் திருப்பி வைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஓடை மாரியே ஜோடிக்கிறியே. ஓடையில எடுத்தேன்னு சொல்லுவியா?"

நான் கேமராவைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். சிறிது நேரத்தில் மீன் வாய் திறந்தது. கடுகளவு குஞ்சுகள் புகை போல வெளியே வந்தன. அதற்குப் பிறகு குஞ்சுகளையும் மீனையும் ஒரு அண்டாவில் மொண்டு, இருவருமாகச் சுமந்து போய் மடுவில் விட்டோம்.

இயக்குநர் அந்தக் காட்சியை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். "எந்த இடம் இது?" என்றார். அருவிக்குக் கீழே இருக்கிற மடு என்றேன். குரல் நடுங்கவே இல்லை. கேமரா கிடைத்தது.

அடுத்த வருடம் படம் வெளியானதும் கரியாலூருக்குப் போனேன். அதே பாறையில் உட்கார்ந்து, ஃபோனில் அந்தக் காட்சியை அவருக்கு ஓட்டிக் காட்டினேன். என் பெயர் வந்தபோது அதைத் தொட்டுக் காட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"இந்தக் கல்லு நான் குடுத்தது" என்றார்.

அவர் ஃபோனைத் திருப்பித் தந்தார். "நான் யாரு கிட்டயும் சொல்லல பாப்பா. நீயுந்தான் தம்பி கதையச் சொல்லல."

பிறகு மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து அவித்த கிழங்கை நீட்டினார். இந்த முறை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கித் தின்றேன்.