கொங்கிறீட் கூரைக்கு வலை கேட்ட அம்மா

போன வருடம் கார்த்திகை மழையில், உடப்பு ஊருக்குப் பக்கத்தில் எங்கள் மீன்பிடிக் கரையில் நடந்தது இது. புது வீட்டுக்கு நாங்கள் குடிபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது.

அதற்கு முந்தின புயலில்தான் அப்பா போனார். காற்று வரப்போகிறதென்றால், பழைய வலையைத் தென்னோலைக் கிடுகுக் கூரைமேல் விரித்து, ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிடுவது எங்கள் ஊர் வழக்கம். அப்பா மேலே நின்று வலையை விரித்துக்கொண்டிருக்கும்போதே காற்று கூரையைத் தூக்கியது. அவரும் அதோடு விழுந்தார். பிறகு எழும்பவில்லை.

பிறகு ஓர் உதவி அமைப்பு கரையில் கல்வீடு கட்டித்தர வந்தது. சாமான் அவர்களுடையது, வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்று ஊரில் பேசி முடிவானது. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும்தான். நான் போனேன்.

"உங்க வீட்டில ஆம்பிளை இல்லையா?" என்று வேலைக்குத் தலைவரான மேசன் பாஸ் கேட்டார்.

"இருந்தவர் போயிட்டார். இப்ப நான்தான்" என்றேன்.

அவர் மண்வெட்டியைக் கையில் தந்தார்.

வீடு முடிந்து குடிபோன பிறகு, அந்தக் கார்த்திகையில் ஒருநாள் மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. எல்லாரையும் கல்வீடுகளுக்குள் போகச்சொல்லிக் கோயில் ஸ்பீக்கரில் சொன்னார்கள். பக்கத்து மாமியின் வீடு இன்னும் முடியவில்லை. அதனால் அவர் பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்போது பார்த்தால், அம்மா பின்பக்கமிருந்து பழைய வலையொன்றை இழுத்துக்கொண்டு வருகிறார்.

"இத மேல போட்டுட்டு வா புள்ள."

"அம்மா, இது கிடுகு இல்ல. கொங்கிறீட்டு."

"காத்துக்கு அது தெரியுமா?"

மாமி வாசலில் நின்று, "என்ன மச்சாள், கொங்கிறீட்டுல மீன் படுதா?" என்று சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. "வலை போடாத கூரைக்குக் கீழ நான் வரமாட்டேன். நீ போடாட்டி நான் ஏறுறேன்" என்று ஏணியைச் சாத்தி, ஒரு காலையும் வைத்துவிட்டார். நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்தேன். மழை முகத்தில் அடித்தது. அப்பாவைப் போல இவரும் போய்விடுவார் என்று பயந்தேன். அழுது கூப்பிட்டாலும் இறங்கமாட்டார் என்று தெரியும். ஏணியை விடாமல் பிடித்திருந்தபோது வாயில் அதுவாக வந்தது.

"அம்மா, வலை உள்ளுக்க இருக்கு."

"எதுக்குள்ள?"

"கூரைக்குள்ள. கொங்கிறீட் ஊத்த முன்னம் கம்பிய நெடுக்கயும் குறுக்கயும் போட்டு, கட்டுக்கம்பியால முடிச்சுப் போட்டிருக்கு. வலை மாதிரித்தான். சுவர்க் கம்பியோடயும் சேர்த்துக் கட்டியிருக்கு."

அம்மா காலை எடுக்கவில்லை. கிழிந்த வலை பொத்தியே வளர்ந்தவர் அவர்.

"கண் எவ்வளவு பெரிசு?" என்று கேட்டார். வலையின் ஒரு ஓட்டையைத்தான் நாங்கள் கண் என்போம்.

"ஒரு சாண் வராது."

"பெரிய கண்."

"காத்துக்கு அது போதும் அம்மா."

"முடிச்சு யாரு போட்டது?"

"நான்."

"எல்லாமா?"

"ஓம். எங்கட கூரைக்கு எல்லாம் நான்தான். பாஸ் ஒவ்வொண்டா இழுத்துப் பாத்தவர். ஒண்டும் கழரல்ல."

அம்மா ஏணியிலிருந்து காலை எடுத்தார். வலையை மழையிலேயே போட்டுவிட்டு உள்ளே வந்து தலையைத் துவட்டினார்.

பின்னேரம் காற்று அடித்த அடியில் வெளியே என்னென்னவோ உடைகிற சத்தம் கேட்டது. மாமி சின்னப்பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பயம்தான்.

"மேல பாக்காம இருங்க மச்சாள்" என்றார் அம்மா. "வலை உள்ளுக்க இருக்கு. என்ட மகள் முடிஞ்ச வலை."

நான் திரும்பி, அடுப்பைப் பற்றவைக்கிற மாதிரி நின்றுகொண்டேன். காற்று அடங்க முதலே அம்மா சுவரில் சாய்ந்து உறங்கிப்போனார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அப்பா இல்லாத குறை எந்த வீட்டாலும் தீராது. ஆனாலும், காற்றடிக்கும்போது அம்மா கண்ணை மூடி உறங்குகிற ஓர் இடத்தை என் கையால் கட்டியிருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம், அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும் போல இருக்கிறது.